திரும்பச் சொல்லுங்க

என் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு வேலை சொன்னால், அதை முதலில் நம்மிடமே திருப்பிச் சொல்வார். "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க" என்று அக்கா சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டே, "வரும்போது சோப்பு வாங்கிட்டு வரேன். சரி" என்பார். சொன்னபடி சோப்பு வந்துவிடும். என்ன சோப்பு என்று அக்கா சொல்ல மறந்திருந்தால், துணி சோப்பா குளிக்கிற சோப்பா என்பது கடையில் அவர் கண்ணில் எது முதலில் படுகிறதோ அதைப் பொறுத்தது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. உத்தரவில் இல்லாததை அவர் என்றைக்கும் செய்ததில்லை.

அத்தான் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பாதைதான். மண்ணுக்கு அடியில் ஓடும் பாதைகளிலேயே எங்களுடையது பழையது, கோணலானதும் அதுதான். பணிமனையில் நல்ல வெளிச்சத்தில் கிளம்பும் ரயில், சந்தை நிலையத்துக்கு முன்னால் சரிவில் இறங்கி இருட்டுக்குள் புகும். சந்தையிலிருந்து நூலகத்துக்குத் தரைமேல் நடந்துபோனால் ஒரே தெரு, நேரான தெரு. கீழே மட்டும் தண்டவாளம் வளைந்து வளைந்து போகிறது. தோண்டின காலத்தில் வழியிலிருந்த கட்டடக்காரர்கள் ஒவ்வொருவரும், என் வீட்டுக்கு அடியில் வேண்டாம், பக்கத்து வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொள் என்று கையைக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்த வளைவுகளில் சக்கரம் போடுகிற கிறீச்சைக் கேட்டுப் பயணிகள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அத்தானுக்கு அது கச்சேரி.

எல்லா நிலையத்திலும் பிளாட்பாரம் இடது பக்கம் வரும், நூலகத்தில் மட்டும் வலது பக்கம். தூங்கி விழித்தவர்கள் அவசர அவசரமாக இடது பக்கக் கதவில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடிவிடும். படிக்கப் போகிறவர்களுக்கே இந்தக் கதி. நூலகத்தைத் தாண்டினால் ஆற்றங்கரை. அங்கிருந்து பாதை சரசரவென்று கீழே இறங்கி, ஆற்றுக்கு அடியில் புகுந்து, மறுபடி மேலேறி ஆஸ்பத்திரி நிலையத்தில் தலை காட்டும். அதற்கு அடுத்தது கடைசி நிலையம். இந்தக் கதைக்கு முக்கியமானது அந்த ஆற்றடிப் பள்ளம்.

கடைசி நிலையத்தில்தான் என் பிழைப்பு. ரயிலில் ஆட்கள் விட்டுப் போகும் பொருள்களை வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் கவுண்டர். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரும். ஊன்றுகோல் ஒன்று வெகுநாளாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படிப் படியேறிப் போனார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பல்செட்டைத் தவறவிட்ட ஒருவர் வந்து கேட்டபோது, அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரிவதற்குள் இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டுவிட்டது.

என் கவுண்டருக்கு நேர் மேலே, மாடியில், கண்ட்ரோல் அறை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பாதை முழுவதையும் ஒரு பெரிய பலகையில் பார்த்துக்கொண்டு, எந்த ரயில் போகலாம், எது நிற்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்வார்கள். ஓட்டுநர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் "சரி" சொல்ல வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. ரேடியோவில் கதை பேச இடமில்லை. சொன்னது காதில் தெளிவாக விழவில்லை என்றால் மட்டும் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கலாம். தெளிவாகக் கேட்காததற்குச் சரி சொன்னால் இரண்டு ரயில் முட்டிக்கொள்ளும் என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி சொல்வார், பெரும்பாலும் யாராவது உப்பை எடுக்கச் சொல்லும்போது.

வீட்டில் இந்த விதியை அவர் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டார். பிடித்த வேலை என்றால் உடனே "சரி". பரணில் இருக்கும் பெட்டியை இறக்குவது, அக்காவின் பேசியே கொல்லும் சிநேகிதி வீட்டுக்குப் போவது மாதிரி பிடிக்காத வேலை என்றால் "திரும்பச் சொல்லுங்க". அக்கா திரும்பச் சொல்வாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் மறுபடியும் "திரும்பச் சொல்லுங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் அக்கா அலுத்துப்போய்த் தானே ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிவிடுவாள். மற்ற நேரமெல்லாம் அவளை வா, போ என்று பேசுகிறவர், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் 'ங்க' போடுவார். கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் வாயிலிருந்து தனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அத்தானுக்கு உலகத்தில் விரோதி என்று ஒருவன்தான் உண்டு. அவன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் பழக்கம். அத்தான் காலையில் ஓட்டும் வண்டிக்கு ரேடியோவில் பெயர் பதினேழு. ஆற்றங்கரையைத் தாண்டி அது பள்ளத்தில் இறங்கியதோ இல்லையோ, "பதினேழு, ஆத்துக்கு அடியிலயே நில்லுங்க" என்று அந்தக் குரல் வரும், எதிரே சிவப்பு விளக்கு எரியும். அதனால் அத்தான் அவனுக்கு வைத்த பெயர் சிவப்பு. இன்னைக்கும் சிவப்பு என்னை நிறுத்திட்டான் என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

நிற்பதில் அவருக்கு ஆட்சேபமில்லை, நிற்கிற இடம்தான் சங்கடம். தலைக்கு மேலே ஆறு. ரயில் நின்றதும் முதல் பெட்டியில் இருப்பவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அப்புறம் ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டுவார்கள். காரணம் என்னவென்று தெரியாத அத்தான், உள்ளேயிருந்தபடி "சிக்னல்" என்று ஒரே வார்த்தை சொல்வார். அது யாருக்கும் ஆறுதலாக இருந்ததில்லை. ஒருமுறை அப்படி நின்றபோது யாருடைய தண்ணீர் பாட்டிலோ கவிழ்ந்து தரையில் ஓட, ஆறு உள்ளே வந்துவிட்டது என்று ஒரு பெண்மணி கூச்சல் போட்டதில் பெட்டி முழுவதும் இருக்கைமேல் ஏறி நின்றது. அந்தப் பெண்மணி என் அக்கா. அன்றைக்கு வீட்டில் வாங்கிய திட்டு மொத்தத்தையும் அத்தான் சிவப்பின் தலையில் கட்டிவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் என் கவுண்டருக்கு ஓர் இளைஞன் வந்தான். மூக்குக்கண்ணாடியை ரயிலில் விட்டுவிட்டானாம். பேச்சில் அப்படியொரு நிதானம், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேசைமேல் வைக்கிற மாதிரி. கண்ணாடி இங்கே வரவில்லை என்று நான் சொன்னதை, எனக்குப் பக்கத்தில் தொங்கிய யாருடைய மழைக்கோட்டையோ பார்த்துத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பாவமாக இருந்தது. ஆஸ்பத்திரி நிலையத்து வாசலில் கண்ணாடிக் கடை இருக்கிறது, அங்கே என் அக்கா மகள் வேலை பார்க்கிறாள், சித்தி அனுப்பினாள் என்று சொல், உடனே செய்து கொடுப்பாள் என்று வழி சொன்னேன். மாடியில் வேலை என்று அவன் போகிற போக்கில் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் முதலில் பார்த்த முகம் எங்கள் பெண்ணுடையது. அதன் பிறகு அந்தக் கண்ணாடிக்கு வாரம் தவறாமல் ஏதாவது கோளாறு வந்தது. திருகு கழன்றது, மூக்கில் அழுத்தியது, காதில் உரசியது. எங்கள் பெண்ணும் வேலையில் கெட்டிக்காரி, ஒரு கோளாறைச் சரிசெய்யும்போதே அடுத்த வாரத்துக்கு ஒன்றை விட்டுவைப்பாள்.

விஷயத்தை அவள் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள், நானும் பக்கத்தில் இருந்தேன். தான் கட்டிக்கொள்ள நினைக்கிறவர் சிவப்பு என்றாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்பாவது கறுப்பாவது, குணம்தான் வேண்டும், இந்தக் காலத்தில் போய் யாராவது நிறம் பார்ப்பார்களா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினாள். மகள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நிறம் இல்லம்மா. அப்பா திட்டுற சிவப்பு" என்றாள். அக்கா கையிலிருந்த துடைப்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் இருந்தது. மகளின் கல்யாணப் பேச்சு முதன்முதலில் வந்தபோதே அத்தான் தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சம்மதம், என்ன வேலை பார்த்தாலும் சம்மதம், மாடியில் உட்கார்ந்து ரயிலை நிறுத்துகிறவன் மட்டும் இந்த வாசற்படி ஏறக் கூடாது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மகள் அப்பா பிள்ளை. சின்ன வயதிலிருந்தே முதல் பெட்டியில், அவர் அறைக் கதவை ஒட்டித்தான் நிற்பாள். உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்க்கவும் முடியாது, பேசவும் முடியாது. அவர் அங்கே இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதும். அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் என் கவுண்டருக்கு வந்து, குடைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். சிவப்பைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டாளாம். அப்பா சம்மதம் இல்லாமல் அவரையும் கட்டிக்கொள்ள மாட்டாளாம். "அப்பா சரின்னு சொல்லணும் சித்தி. அரைமனசா சொன்னா வேண்டாம். ரயில்ல சொல்ற மாதிரி சொல்லணும்" என்றாள். எனக்கு அத்தான்மேல் வந்த கோபத்தில், அவரே அந்த நேரம் வந்திருந்தால் நானே நன்றாகக் கேட்டிருப்பேன். கண்ணாடி வாங்க அனுப்பிவைத்தவள் நான், என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

திட்டம் என்னுடையது. அத்தானுக்கு அவன் குரல்தான் எதிரி, முகம் தெரியாது. அதனால் முகத்தை முதலில் காட்டி, அது பிடித்துப்போன பிறகு குரலைக் காட்டுவது. ரயில்வேயில் அலுவலக வேலை என்று மட்டும் சொல்வது, அதில் பொய் இல்லை. வீட்டுக்கு வரும்போது பையன் வாயையே திறக்கக் கூடாது. கூட வரும் அவனுடைய அக்கா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், நிறுத்தாமல் பேசக்கூடியவள், அவள் பார்த்துக்கொள்வாள். பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் வாயைத் திறக்காமல் தலையாட்டியதே நல்ல ஒத்திகையாக எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடத்து மேசையில் டீயும் பிஸ்கட்டும். பையனின் அக்கா தன் பங்குக்குப் பேசித் தீர்த்தாள். பையன் எது கேட்டாலும் புன்னகை, மீறினால் ஒரு இருமல். அத்தானுக்கு அவனைப் பிடித்துவிட்டது. கேட்காததற்கெல்லாம் பேசாத பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று அடுக்களை வாசலில் அக்காவிடம் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பது என்பது அவருக்கு வராது, எல்லோர் காதிலும் விழுந்தது. அடுக்களைக்குள் நின்ற மகள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அத்தோடு விட்டிருந்தால் திட்டம் பலித்திருக்கும். பையனின் அக்கா மரியாதைக்கு, உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டாள். அத்தானிடம் அதை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசைமேல் பாதையைப் போட ஆரம்பித்தார். டீ கெட்டில் பணிமனை. சர்க்கரைக் கிண்ணம் சந்தை. மடித்த செய்தித்தாள் நூலகம். பிஸ்கட் டப்பாவின் மூடி ஆற்றங்கரை. அக்காவின் நீலக் கைத்துண்டை நீளமாக விரித்து, இதுதான் ஆறு என்றார். துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாசர், அது ஆஸ்பத்திரி. கடைசி நிலையத்துக்கு என் டீக்கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார், டீ பாதி இருந்தது.

ஒரு ஸ்பூன் அவருடைய பதினேழு. இன்னொரு ஸ்பூன் அதற்கு முன்னால் போகும் வண்டி, அதைச் சாசரில் வைத்தார். பதினேழைக் கெட்டிலிலிருந்து கிளப்பி, செய்தித்தாளை வளைந்து சுற்றி, வாயாலேயே கிறீச்சும் போட்டு, மூடியில் நிறுத்தி ஆளை ஏற்றி, துண்டுக்கு அடியில் நுழைத்தார். துண்டு புடைத்து நின்றது. இந்த இடத்தில்தான் ஒருவன் என்னைத் தினமும் நிறுத்துவான், ஒரு காரணமும் கிடையாது, மாடியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோம்பேறி என்று ஆரம்பித்தார். பையனின் காது சிவந்தது. அவன் அக்கா அவன் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள், தவறி என் காலில் பட்டது. அவன் சொல்கிறான் என்று நிற்காமல் நான் போனால் என்ன ஆகிவிடும், இப்போது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே அத்தான் ஸ்பூனைத் துண்டுக்கு அடியிலிருந்து சாசரை நோக்கித் தள்ளினார். சாசரில் இன்னொரு ஸ்பூன் நின்றுகொண்டிருந்தது.

பையன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"பதினேழு, ஆத்துக்கு அடியிலயே நில்லுங்க."

அத்தானின் முதுகு நிமிர்ந்தது. ஸ்பூன் அப்படியே நின்றது. "பதினேழு, ஆத்துக்கு அடியிலயே நிக்கிறேன். சரி" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. ஸ்பூனைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கடைசியில் பையனைப் பார்த்தார். எனக்கு வாயில் இருந்த பிஸ்கட்டை மென்றால் சத்தம் கேட்குமோ என்று பயமாக இருந்தது.

திட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இனிமேல் வாயை மூடி என்ன பயன் என்று நினைத்தானோ என்னவோ, அதே நிதானத்தில் பேசினான். "முன்னால ஆஸ்பத்திரியில வண்டி நிக்குது. காலையில மருந்துக்கு வர்றவங்க எல்லாம் அந்த வண்டியிலதான் வர்றாங்க. நடக்க முடியாதவங்க இறங்கி முடியற வரைக்கும் கதவை மூட வேண்டாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். அதான் உங்களை நிறுத்துறேன். காரணத்தை ரேடியோவுல சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "பின்னால வர்றது பதினேழுன்னா எனக்குக் கவலை இல்ல. நில்லுங்கன்னு சொன்னா நிப்பீங்க."

அத்தான் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. சாசரில் இருந்த ஸ்பூனைக் கையில் எடுத்துப் பார்த்தார். அத்தனை நாளாகக் கதவைத் தட்டினவர்களிடம் சொல்லக் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது காரணம் கிடைத்திருக்கிறது, அதுவும் எதிரியின் வாயிலிருந்து. அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபமாக எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

பையன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பதினேழு, உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் கொடுங்க."

அவன் அக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். என் அக்கா சுவரில் சாய்ந்தாள். அடுக்களை வாசலில் பிஸ்கட் தட்டோடு மகள் வந்து நின்றாள், முகம் வெளுத்துப் போயிருந்தது. அடுத்து வரப்போவது "திரும்பச் சொல்லுங்க"தான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. பையன் திரும்பச் சொல்வான், மறுபடி திரும்பச் சொல்வான், பரண் பெட்டி விஷயம் மாதிரி அவன் தலை நரைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான்.

அத்தான் மகள் பக்கம் திரும்பினார். அவளைப் பார்த்தார். அப்புறம் வண்டியில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டார்.

"பதினேழு. என் பொண்ணை உங்களுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். சரி."

பிஸ்கட் எல்லாம் தரையில் கொட்டியது. மகள் தட்டை விட்டுவிட்டு அழுதாள், நடுநடுவே சிரித்தாள். அக்கா அத்தானைத் திட்டுவதா, மாப்பிள்ளையை வரவேற்பதா என்று தெரியாமல் பிஸ்கட்டைப் பொறுக்க ஆரம்பித்தாள். அத்தான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, ஆறி அவலாய்ப் போன என் டீயை எடுத்துக் குடித்தார்.

கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒரே கதைதான். எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டார்களாம். அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிட்டதாம், ரேடியோவில் ஒருமுறை சரி சொன்னால் மாற்றிச் சொல்ல முடியாதாம். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சூழ்ச்சிக்காரி என்று என்னைக் கைகாட்டினார், நானும் பெருமையாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை இப்போதும் அவரை ஆற்றுக்கு அடியில் நிறுத்துகிறார். ரேடியோவில் மாப்பிள்ளை, மாமா என்ற பேச்சே கிடையாது, பதினேழு பதினேழுதான். சிவப்பு என்ற பெயரும் மாறவில்லை, 'எங்க' என்பது மட்டும் முன்னால் சேர்ந்திருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் அத்தான் இப்போது மைக்கை எடுத்து, முன்னால் மெதுவாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கூரையைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன வாரம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் செய்தித்தாளுக்குள் இருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டே திடீரென்று கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு அந்தப் பிள்ளை கேட்டப்போ, திரும்பச் சொல்லுங்கன்னு சொல்லி நழுவியிருக்கலாமே?"

"திரும்பச் சொல்லுங்க" என்றார் அத்தான்.

அக்கா அசரவில்லை, திரும்பச் சொன்னாள். அவர் மறுபடியும் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை மாறாமல் மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவள் பரணில் ஏறப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"எதுக்குத் திரும்பக் கேக்கணும்?" என்றார். "தெளிவாத்தான் கேட்டுச்சு."